பிறந்த அன்று எடுத்த படம்

ஸ்கேன் அறையில் புதிதாக உட்காரப் போகிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மெஷினைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை என்று சொல்லிவிட்டேன். நான் பழகிய மெஷின்கள் எல்லாம் இப்போது காயலான் கடைக்குப் போயாயிற்று. உங்கள் கையில் இருப்பவை என்னைவிடக் கெட்டிக்காரத்தனமானவை. ஆகவே மெஷினுக்கு முன்னால் உட்காரும் ஆளைப் பற்றி எழுதுகிறேன். அந்த ஆள் நான்தான். கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், பல வருடம், ரத்த ஓட்டத்தைத் திரையில் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்த்த டாக்டர். வாய் நீளம், பொறுமை குட்டை. என்னிடம் வந்து போனவர்களைக் கேட்டால் இதைவிடக் காரமாகவே சொல்வார்கள்.

முதலில் ஒரு சின்ன விஷயம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பர்கூர் பக்கம் கல் குவாரியில் வேலை செய்கிற ஒருவர் வந்தார். கீழுதட்டில் நீல நிறத்தில் மெத்தென்று ஒரு வீக்கம், சின்ன வயதிலிருந்தே இருப்பது. நான் புரோபை, அதாவது தோலின் மேல் வைக்கும் ஸ்கேன் முனையை, வைத்து நன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு, உள்ளே ரத்த ஓட்டம் இல்லை என்று எழுதப் போனேன். பக்கத்தில் நின்ற சிஸ்டர், “இவ்ளோ அழுத்துனா தக்காளியும் தோசையாயிடும் மேடம்” என்றார். கையைத் தளர்த்தினேன். அழுத்தத்தில் ஒட்டிக்கிடந்த சிரைகள் மெதுவாக நிறைந்தன, திரையில் மெல்லிய நீலம் தெரிந்தது. அந்த சிஸ்டர் ஓசூர்க்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எந்தக் கல்லூரியிலும் டாப்ளர் படிக்காதவர். அன்று நான் சிரித்துவிட்டேன். அந்த அறையில் என்னைவிடக் கவனமாகப் பார்க்கிற ஒருவர் இருக்கிறார் என்பதை அப்போதே ஒப்புக்கொண்டிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

குழந்தைகளின் உடம்பில் வரும் ரத்தச் சிவப்பு மச்சங்களைப் பற்றி உங்களுக்குப் பாடம் நடத்தப் போவதில்லை. ஆனால் இந்தக் கதை புரிவதற்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வகை உண்டு. ஒன்று, பிறந்து சில வாரம் கழித்துத் தலைகாட்டும், சில மாதம் மளமளவென்று வளரும், பிறகு சில வருடங்களில் தானாகச் சுருங்கிவிடும். அது கட்டி. இன்னொன்று, குழந்தை பிறக்கும்போதே கூடப் பிறக்கும், குழந்தையோடு வளரும், ஒருநாளும் போகாது. அது கட்டியே இல்லை, ரத்தக்குழாய்களே தவறாகப் பின்னிக்கொண்டது. அதிலும் தமனியின் ரத்தம் நேராகச் சிரைக்குள் பாய்கிற வகை இருக்கிறதே, அதில் ஓர் ஊசி பட்டாலும் ஆபத்து. கத்தி இல்லாமல், ஊசி இல்லாமல் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதுதான் நம் வேலை. அதற்கு நம்மிடம் இருக்கும் முதல் கருவி ஒரு கேள்வி. பிறக்கும்போதே இருந்ததா, பிறகு வந்ததா?

அந்தக் கேள்வியை நான் கேட்டேன். கேட்காமல் விட்டேன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

அந்தத் தாயை இங்கே மஞ்சுளா என்று வைத்துக்கொள்வோம். குழந்தையை தர்ஷினி என்று வைத்துக்கொள்வோம். மஞ்சுளாவுக்கு ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை. பர்கூர் அருகே புகுந்த வீடு. தினமும் ஹைவேயில் நின்று கம்பெனி பஸ் பிடித்துப் போய்வருவாள். முதல் பிரசவம், வழக்கப்படி அம்மா வீட்டில். மூன்றாம் மாதம் குழந்தையோடு புகுந்த வீட்டுக்குத் திரும்பிய அடுத்த வாரமே எங்களிடம் வந்தார்கள். குழந்தையின் இடது காது மடலும் அதன் பின்பக்கமும் சிவந்து, லேசாகத் தடித்திருந்தது.

அறைக்குள் மஞ்சுளா, அவள் கணவர், மாமியார், நாத்தனார் என்று எல்லாரும் வந்துவிட்டார்கள். குழந்தை வீறிட்டு அழுதது. வெளியே கர்ப்பிணிகள் வரிசையில் காத்திருந்தார்கள். நான் மஞ்சுளாவைப் பார்த்துத்தான் கேட்டேன். மாமியார்தான் பதில் சொன்னார்.

“பொறந்தப்ப ஒண்ணுமே இல்லீங்க. ஒரு மாசம் கழிச்சி கொசு கடிச்ச மாதிரி வந்துச்சாம். இவங்க அம்மா ஊட்டுல இருக்கறப்ப.”

“அப்படியாம்மா?” என்றேன்.

மஞ்சுளா குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டே, “ஆமாங்க மேடம்” என்றாள்.

கலர் டாப்ளர் போட்டேன். வேகமான ரத்த ஓட்டம் தெரிந்தது. வளர்கிற கட்டியிலும் வேகமான ஓட்டம் இருக்கும். பிறகு வந்தது என்று தாயே சொல்கிறாள். குழந்தை அழுத அழுகையில் புரோப் ஓர் இடத்தில் நிற்கவில்லை. கட்டி என்றால் உள்ளே சதை தெரிய வேண்டும், அதைத் தேடிப் பார்த்திருக்க வேண்டும். நான் தேடவில்லை. பதில் முன்பே கையில் இருந்ததால் கண் அதற்குமேல் உழைக்கவில்லை. குழந்தைகளுக்கு வரும் கட்டி, தானாகச் சுருங்கும் என்று எழுதிக் கொடுத்தேன்.

எழுந்து போகும்போது மாமியார் ஒன்று கேட்டார். “காது குத்தறதுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லீங்களே?”

“மூணு வயசு ஆகட்டும். அதுக்குள்ள பாதி சுருங்கிடும். அப்புறம் தாராளமா குத்துங்க” என்றேன். மூன்று வயது என்று எங்கிருந்து வந்தது என்று இப்போது யோசித்தால் எனக்கே தெரியவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டிய அவசரத்தில் வாயில் வந்த எண் அது.

அன்று எனக்குத் தெரியாமல், பின்னால் தெரியவந்த விஷயம் இதுதான். மஞ்சுளா கர்ப்பமாக இருந்தபோது ஒரு கிரகணம் வந்திருக்கிறது. அன்றைக்கு வெளியே போகாதே என்று மாமியார் சொல்லியிருக்கிறார். கம்பெனியில் லீவு இல்லை, அவள் ஷிப்டுக்குப் போய்விட்டாள். அன்று தொடங்கிய பேச்சு பிரசவம் வரை நிற்கவில்லை. குழந்தைக்கு ஏதாவது என்றால் உன்னைச் சும்மா விடமாட்டேன் என்பது வரை போயிருக்கிறது. குழந்தை காதில் சிவப்போடு பிறந்ததும் மஞ்சுளாவின் அம்மா பயந்துபோனார். பார்க்க வந்த சம்பந்தி வீட்டாருக்குக் கம்பளித் தொப்பி போட்டே குழந்தையைக் காட்டினார். ஒரு மாதம் கழித்துத் தானாக வந்தது என்று எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லி வைத்தார்கள். கிரகணத்தால் வந்தது என்றால் அது பிறக்கும்போதே இருக்கும், பிறகு வந்தால் கொசு, வெயில், ஏதோ ஒன்று. மஞ்சுளாவுக்கு அந்த ஒரு மாதம்தான் பாதுகாப்பு. நோயைப் பிரித்துச் சொல்ல நான் வைத்திருந்த அதே கேள்வி, அவளுக்கு அந்த வீட்டில் இருக்கலாமா கூடாதா என்ற கேள்வி. அதை நான் மாமியாரை வைத்துக்கொண்டு கேட்டேன்.

ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து மஞ்சுளா மறுபடி வந்தாள். இந்த முறை தனியாக, இடுப்பில் குழந்தையோடு, கம்பெனி யூனிஃபார்மிலேயே. டோக்கன் போடவில்லை. நான் ஒரு ஸ்கேனை முடித்து அடுத்ததற்குக் கை கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றாள்.

“மேடம், ஒரே ஒரு நிமிஷம். பாப்பா காதுல கைய வெச்சா உள்ள அதிருது மேடம். எங்க கம்பெனியில காத்து அடச்ச பைப் லைன் போவும், அது மேல கைய வெச்சா எப்பிடி இருக்குமோ அப்பிடி.”

இந்த வரியை நீங்கள் இரண்டு முறை படிக்க வேண்டும். பகல் முழுக்க உலோகத்தின் மேல் விரல் வைத்து, கண்ணுக்குத் தெரியாத பிசிறைக்கூடக் கண்டுபிடிக்கிற பெண் அவள். அதற்காகத்தான் அவளுக்குச் சம்பளம். நம் பாடப் புத்தகங்கள் ஒரு பக்கம் எழுதுவதை அவள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். கட்டி அப்படி அதிராது. தமனி நேராகச் சிரைக்குள் பாய்ந்தால்தான் அதிரும்.

நான் சொன்னது என்ன தெரியுமா? “குழந்தைக்கு நாடி துடிக்காதா? துடிக்கலைன்னாதான் கவலைப்படணும்.” வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

அவள் போகவில்லை. செல்போனை எடுத்து எதையோ தேடி, என் பக்கம் நீட்டினாள். “இந்த போட்டோவ மட்டும் பாருங்க மேடம்.” என் கை ஈரமாக இருந்தது. “அதான் எழுதிக் குடுத்துட்டேனேம்மா, தானா போயிடும். சும்மா தொட்டுத் தொட்டுப் பார்க்காத” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். வாயால் சொல்ல முடியாததைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று அவள் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள். குழந்தையின் காது என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஒரு விரல் வைத்திருந்தால் போதும். அந்தக் கை கழுவிய ஈரம் இன்னும் நினைவிருக்கிறது, வெட்கமாக இருக்கிறது.

மூன்று வயது முடிந்ததும், டாக்டர் சொன்ன கணக்குப்படி, குலதெய்வக் கோயிலில் காதுகுத்து வைத்தார்கள்.

அன்று காலை பதினொரு மணி இருக்கும். கேஷுவாலிட்டிக்கு உடனே மெஷினோடு வரச் சொன்னார்கள். சிஸ்டரும் நானும் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு ஓடினோம். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தை, புதுப் பாவாடை. எங்கள் சர்ஜன், இள வயதுக்காரர், தன் உள்ளங்கையால் குழந்தையின் இடது காதை மொத்தமாக அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். விரல் இடுக்கில் ரத்தம் வந்துகொண்டே இருந்தது. குழந்தையை மடியில் வைத்துக் காது குத்தக் கொடுத்த தாய்மாமனின் சட்டை முழுக்கச் சிவப்பு. வழியில் யாரோ மஞ்சள்தூளும் காப்பித்தூளும் அப்பியிருந்தார்கள். குழந்தை அழவில்லை. அழ முடியாத அளவுக்கு வெளுத்திருந்தது.

காதைச் சுற்றியும் கழுத்திலும் புரோபை வைத்துப் பார்த்தேன். கட்டி என்று எழுதியிருந்தேன் அல்லவா, அங்கே கட்டியே இல்லை. சதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாம் குழாய்கள், புடைத்து, வளைந்து, ஒன்றுக்குள் ஒன்று. திரை முழுவதும் நிறம் கொதித்தது. சர்ஜன் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

“பெங்களூர்தான் மேடம். இங்க தொட முடியாது” என்றார். ரத்தம் ஏற்ற ஆரம்பித்து, கட்டுப் போட்டு, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு வராண்டாவுக்கு வந்தோம். அங்கே சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். பெங்களூர் மருத்துவமனைக்குக் கடிதம் எழுத வேண்டும் என்பதால் சர்ஜன் பேப்பரும் கையுமாகக் கேட்டார். “இது எப்போ வந்தது? பிறக்கும்போதே இருந்துச்சா?”

பழக்கப்பட்ட பதிலைச் சொல்ல மாமியார் வாயைத் திறந்தார். அதற்குள் மஞ்சுளா, “பொறந்தப்பவே இருந்துச்சுங்க சார்” என்றாள். செல்போனை எடுத்துக் காட்டினாள். ஆஸ்பத்திரித் துணியில் சுற்றிய, கண் திறக்காத குழந்தை. இடது காது மடலில் ரோஸ் நிறக் கறை. பிறந்த அன்றே எடுத்த படம். சர்ஜன் பார்த்தார், நான் பார்த்தேன், அவள் கணவரும் எட்டிப் பார்த்தார்.

அவர் கெட்டவர் இல்லை. கிரானைட் பாலிஷ் போடுகிற யூனிட்டில் வேலை செய்கிறவர், அதிகம் பேசாதவர். அந்த நேரத்தில் யாரிடமாவது கேட்க வேண்டும் போல் அவருக்கு இருந்திருக்கும், என்னிடம் கேட்டார். “மேடம், நீங்கதானே மூணு வயசுல குத்தலாம்னீங்க?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் என்னிடம் இருந்த உண்மைகளைச் சொல்கிறேன். ஸ்கேனை நான் சரியாகப் பார்க்கவில்லை. இந்தப் பெண் தனியாக வந்து அதிர்கிறது என்று சொன்னபோது கிண்டல் செய்து அனுப்பினேன். இந்தப் படத்தை அன்றைக்கே நீட்டினாள், நான் பார்க்கவில்லை. பின்னால் யாரோ முணுமுணுத்த கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இவற்றில் எதைச் சொல்லியிருந்தாலும் போதும்.

நான் சொன்னேன்: “பொறந்தப்பவே இருந்துச்சுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ஏன் அப்படிச் சொல்லப்போறேன்? விவரத்தத் தப்பா குடுத்தா மெஷின் என்ன பண்ணும்?”

மாமியார் கத்தவில்லை. மகனின் பக்கம் திரும்பி, மெதுவாக, “கேட்டியாடா? டாக்டரே சொல்றாங்க” என்றார்.

மஞ்சுளா என்னைப் பார்த்தாள். நான் வந்தேனே மேடம் என்று அவள் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் வந்ததும் குழந்தையோடு ஏறிக்கொண்டாள். கூட அவள் அண்ணன் மட்டும் போனார். கணவர் ஏறப்போனவர், யாரோ தோளைப் பிடிக்கவும் நின்றுவிட்டார்.

மெஷினைத் தள்ளிக்கொண்டு திரும்பினோம். அறைக்கு வந்து, சிஸ்டர் ஒயரைச் சுற்றி வைத்துவிட்டு, “நீங்க அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது மேடம்” என்று மட்டும் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அடுத்த டோக்கனைக் கூப்பிடுங்கள் என்றேன்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. பெங்களூரில் ரத்தக்குழாயை உள்ளிருந்தே அடைத்து, பிறகு காது மடலை எடுத்துவிட்டார்கள். மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோதே அங்கே அனுப்பியிருந்தால் காது தப்பியிருக்குமா? ஒருவேளை தப்பியிருக்கும். காது குத்தாமல் இருந்திருப்பார்கள் என்பது மட்டும் நிச்சயம். மஞ்சுளாவைப் புகுந்த வீட்டில் திரும்பச் சேர்க்கவில்லை என்று சர்ஜன் மூலம் கேள்விப்பட்டேன். என்ன செய்வது, அவர்கள் குடும்ப விஷயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் வருடக்கணக்கில் வேலை செய்தது.

வேலையில் மட்டும் மாறினேன். குழந்தையோடு எத்தனை பேர் வந்தாலும், கவுண்டரில் ஃபார்ம் எழுத வேண்டும் என்று சொல்லி சிஸ்டர் எல்லாரையும் வெளியே கூட்டிப்போய்விடுவார். கதவைச் சாத்திவிட்டு, தாயிடம் தனியாகப் பேசுவேன். அப்போதும் நேராகக் கேள்வி கேட்பதில்லை. பிறந்த அன்று எடுத்த படம் இருந்தால் காட்டும்மா, குழந்தை எப்படி இருந்தது பார்க்கலாம் என்பேன். இப்போது யார் செல்போனில்தான் அது இல்லை? ஜெல் தடவுவதற்கு முன்னால் வெறும் கையை வைத்து எண்ணி ஒரு நிமிடம் அப்படியே இருப்பேன். குழந்தை பால் குடித்துத் தூங்கும் வரை காத்திருப்பேன், வெளியே யார் கத்தினாலும் சரி. காவேரிப்பட்டினத்து மளிகை வியாபாரி ஒருவரின் பேத்திக்கும் இதே கோளாறு இருப்பதை இப்படித்தான் கண்டுபிடித்தோம். அந்தக் குழந்தையின் தாயும் கதவு சாத்திய பிறகுதான் பர்தாவுக்குள்ளிருந்து செல்போனை எடுத்தாள், எடுக்கும்போதே அழுதாள். அவள் வீட்டில் காரணம் வேறாக இருந்தது, பயம் ஒன்றுதான். அந்தக் குழந்தையை நேரத்தோடு பெங்களூர் அனுப்பினோம். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள், எனக்கு அந்தப் பாராட்டு உள்ளே இறங்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் சிஸ்டர் போன் செய்தார். ஓசூரில் அவர் தங்கை குடியிருக்கும் லைன் வீடுகளில்தான் மஞ்சுளா இருக்கிறாளாம். நான் கேட்கவில்லை, அவராகவே விலாசத்தைச் சொன்னார். மறுநாளே பஸ் ஏறினேன்.

சனிக்கிழமை சாயங்காலம். மஞ்சுளா ஷிப்ட் முடிந்து வந்து, வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. “வாங்க மேடம்” என்று எழுந்து, பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஒரே அறை, அதிலேயே அடுப்பு. வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததை அப்படியே சொன்னேன். தப்பு என்னுடையது, அவளுடையது இல்லை, கிரகணத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அன்று நான் பேசியது என்னைக் காப்பாற்றிக்கொள்ள.

அவள் அவரைக்காயை உரித்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். “தெரியும் மேடம். பெங்களூர்ல ஒரு டாக்டர் கன்னடத்துல சொன்னாரு, யார் மேலயும் தப்பு இல்லன்னு. நல்லா புரியற மாதிரி படம் போட்டுக் காட்டுனாரு. அப்பவே தெரியும்.”

“அன்னிக்கு நீ ஏம்மா ஒண்ணும் சொல்லல? நான் வந்தேன், போட்டோ காட்டினேன்னு சொல்லியிருக்கலாமே.”

“எப்பிடி மேடம் சொல்றது? உள்ள பாப்பா உசுரு உங்க கையில இருந்துச்சு. உங்கள எப்பிடிப் பகைச்சிக்கறது?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. “எனக்குத் தெரிஞ்சி என்னா ஆவுது மேடம்? வராண்டாவுல எட்டு பேர் நின்னாங்க. அவங்களுக்குத் தெரியணும். அவங்க நீங்க சொன்னதத்தான் கேட்டாங்க. அதயே வெச்சி ஊர்ல பஞ்சாயத்து பேசுனாங்க, டாக்டரே சொல்லிட்டாங்கன்னு.”

நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

“அவருக்கு வேற கல்யாணம் ஆயிடுச்சிங்க மேடம், ரெண்டு வருசமாவுது” என்றாள், குரலைத் தாழ்த்தி. “பாப்பாவுக்குத் தெரியாது. அப்பா கோவத்துல இருக்காருன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன்.”

அப்போது தர்ஷினி வந்தாள். மூன்றாம் வகுப்பு. முடியை முழுக்க இடது பக்கம் இழுத்து, காது இருக்க வேண்டிய இடத்தை மூடிப் பின்னியிருந்தாள். ரோஜா நிறத்தில் ஒரு கிளிப். கையில் பக்கத்து வீட்டுப் பூனைக்குட்டி. “இவங்கதான் நீ சின்னப் பாப்பாவா இருக்கறப்ப ஸ்கேன் பாத்த டாக்டர்” என்றாள் மஞ்சுளா.

குழந்தை என்னைப் பார்த்துக் கேட்டது. “எங்கம்மா கிரகணத்துல வேலைக்குப் போனதாலதான் எனக்குக் காது இப்பிடியாச்சாமே? ஊர்ல எல்லாரும் சொல்றாங்கோ.”

மஞ்சுளா தலை நிமிரவில்லை. எட்டு வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இந்த ஒரு முறை, கேட்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. “இல்ல கண்ணு. அதுக்கும் கிரகணத்துக்கும் ஒண்ணும் இல்ல. உன் காதுல ரத்தக்குழாய் பின்னிக்கிட்டு இருந்துச்சு. அத நான்தான் சரியா பாக்கல. குத்தலாம்னு நான்தான் சொன்னேன். உங்கம்மா என்கிட்ட வந்து சொன்னாங்க, நான் கேக்கல. தப்பு என்னுது.”

தர்ஷினி பூனையைக் கீழே இறக்கிவிட்டாள். அப்புறம் அவள் முகம் தெளிந்தது. அந்த வீட்டுக்குள் அன்று அப்படித் தெளிந்தது அந்த ஒரு முகம்தான்.

“அப்போ எங்கம்மா ஒண்ணும் பண்ணலியா?”

“ஒண்ணும் பண்ணல.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இத எங்கப்பாகிட்ட வந்து சொல்லுங்க. பர்கூருக்கு இங்கேருந்து பஸ் இருக்குது. நீங்க சொன்னா அப்பா கோவம் போயிடும், எங்களக் கூட்டினு போயிடுவாரு.”

மஞ்சுளா உரித்த அவரைக்கொட்டை இருந்த தட்டை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள். தர்ஷினி என் கையை விடவில்லை. நாளைக்கு லீவுதான், நாளைக்கே போகலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.